முதல் தரச் சோறு

பேரன் பேத்திக்குப் பின்னால் சோற்றுக் கிண்ணத்தைத் தூக்கிக்கொண்டு ஓடுகிற என் வயதுக்காரிகளே, கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொள்ளுங்கள். டி.வி.யைப் போட்டுவிட்டு, பிள்ளை வாயைப் பிளந்து பார்க்கிற நேரமாகப் பார்த்து ஒரு கவளத்தைத் திணிக்கிற கெட்டிக்காரிகளும் கையைக் கழுவிக்கொண்டு வந்து உட்காருங்கள். உங்களைக் குறை சொல்ல நான் யார்? ஆனால் உதட்டை இறுக்கி மூடிக்கொண்டு தட்டைப் பார்த்து மிரளுகிற குழந்தையை எங்கே கண்டாலும் என்னால் அங்கே நிற்க முடிவதில்லை. அதற்குக் காரணம் இருக்கிறது. வெள்ளைக்காரன் ஆண்ட காலத்தில், ஆம்பூரில், நான் சிறுமியாக இருந்த ஒரு கோடையில் அது நடந்தது.

எங்கள் அப்பாவை நாங்கள் நைனா என்று கூப்பிடுவோம். நைனாவுக்கு டேனரியில் தோல் தரம் பிரிக்கிற வேலை. பதனிட்டுக் காய்ந்த தோல்களை ஒவ்வொன்றாக மேஜைமேல் விரிப்பார்கள். நைனா ஜன்னல் வெளிச்சத்தில் ஒரு பார்வை பார்ப்பார், கட்டைவிரலால் ஒரு தடவு தடவுவார். "பஸ்ட்டு" என்பார். "செகண்டு" என்பார். "ரிஜெக்டு" என்றால் தோல் தரையில் போய் விழும். ஆவாரம்பட்டைத் தண்ணீரில் ஊறி வருகிற தோல் எவ்வளவு வெளுத்திருக்கிறதோ அவ்வளவு உசத்தி. சீமைக்குக் கப்பலேறுகிற சரக்கு அதுதான். வெயில் பட்டால் சிவந்துவிடும் என்று நிழலில்தான் காயப்போடுவார்கள். கொஞ்சம் நிறம் மங்கினாலும் தரம் இறங்கிவிடும். "நம்ம மேஸ்திரி கண்ணு ஒருவாட்டி சொல்லிட்டா அதுக்கு மேல அப்பீலே இல்ல" என்று முதலாளி சாயபு மெட்ராஸ் வியாபாரிகளிடம் சொல்வாராம். அதை வந்து அம்மாவிடம் சொல்லும்போது நைனாவின் முகத்தைப் பார்க்க வேண்டும்.

அவர் மேஸ்திரியாகப் பிறக்கவில்லை. சின்ன வயதில் சுண்ணாம்புக் குழியில் இறங்கித் தோலில் மயிர் உதிர்க்கிற வேலை செய்தவர். விரல் நுனிகளில் அந்தச் சுண்ணாம்பு தின்ற தழும்பு கடைசிவரை இருந்தது. அந்த நாளில் கேழ்வரகுக் கூழ்தான் கொண்டுபோவாராம். ஒரு நாள் ஆபீஸ் கணக்குப்பிள்ளையின் பக்கத்தில் தெரியாமல் உட்கார்ந்து கூழ்ச் சட்டியைத் திறந்திருக்கிறார். அந்த ஆள் மூக்கைப் பொத்திக்கொண்டு தன் வெள்ளைச் சோற்று டப்பாவைத் தூக்கிக்கொண்டு எழுந்து போய்விட்டாராம். நைனா இதைச் சிரித்துக்கொண்டேதான் சொல்வார். ஆனால் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறார், ஒரு தடவைகூட அது ஆறிப்போன சங்கதியாக எனக்குப் படவில்லை.

மேஸ்திரி ஆனதும் டேனரி லைன் வீட்டை விட்டு ஓட்டு வீட்டுக்குக் குடிவந்தோம். வந்த முதல் வாரமே நைனா சட்டம் போட்டார்.

"இந்தா, இனிமே நம்ம வீட்ல களி, கூழு, கீரை எதுவும் அடுப்புல ஏறக்கூடாது. மிஷின் அரிசி வாங்கியாந்து போட்டிருக்கேன். எம் பொண்ணுங்க ஆபீஸர் வீட்டுப் புள்ளைங்க மாதிரி துன்னணும்."

அம்மா நாட்றம்பள்ளிப் பக்கத்தில் கேழ்வரகுக் கொல்லையில் வளர்ந்தவள். "கீரை இன்னாங்க பண்ணுச்சு, பாவம்?" என்றாள்.

"மாடு துன்றது அது."

அதற்குமேல் அப்பீல் இல்லை. வீட்டுக்கு வருகிற எல்லாவற்றையும் நைனா டேனரி மேஜையில் பார்ப்பதுபோலவே பார்த்தார். ஊருக்குப் புதிதாக வந்திருந்த ரைஸ் மில்லில் தீட்டின அரிசியை ஒரு கை அள்ளி ஜன்னலருகே கொண்டுபோய், தவிடு ஒட்டின அரிசி ஒன்று கண்ணில் பட்டாலும் மூட்டையைத் திருப்பி அனுப்புவார். பருப்பு தோல் இல்லாமல் இருக்க வேண்டும். பூசணிக்காய் மஞ்சள், அதனால் செகண்டு. ஈரல் கறுப்பு, அதைக் கசாப்புக் கடையிலேயே விட்டுவிட்டு வருவார். முட்டையில்கூட மஞ்சள் கருவை எடுத்து ஒதுக்கிவிட்டு வெள்ளையை மட்டும் பிள்ளைக்குக் கொடுக்கச் சொன்னார் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். ஆற்காட்டு இனிப்பான மக்கன் பேடா மட்டும் விதிவிலக்கு. அது கறுப்புதான், ஆனால் முதலாளி கொடுத்தனுப்பியது என்பதால் அதன் நிறம் நைனா கண்ணுக்குப் படவில்லை.

இந்தச் சட்டமெல்லாம் முக்கியமாக என் தங்கைக்காகத்தான். அவளுக்கு அப்போது மூன்று வயது முடிந்து நாலு நடந்துகொண்டிருந்தது. ஓட்டு வீட்டுக்கு வந்த பிறகு வளர்கிற பிள்ளை, லைன் வீட்டு வாடையே படாமல் வளர வேண்டும் என்று நைனாவுக்கு ஆசை. அவளுக்கென்று வேலூரிலிருந்து ஒரு எனாமல் தட்டு வாங்கிவந்தார். பால் நிறத் தட்டு, விளிம்பில் மெல்லிய நீலக்கோடு. கடையில் புதிதாக வந்த டப்பாப் பாலும் வாங்கிவருவார். வெண்ணெய் எல்லாம் எடுத்துவிட்டுச் சர்க்கரை போட்டுக் காய்ச்சின பால் அது, பசை மாதிரி வழியும். டப்பாவின் மேல் ஒரு கொழுத்த வெள்ளைக்காரக் குழந்தை சிரித்துக்கொண்டிருக்கும். நைனா அந்தப் படத்தைத் தங்கையின் கன்னத்தோடு வைத்துப் பார்ப்பார். அந்தக் காலத்து வீடுகளில் காலி டப்பாவைத் தூக்கிப் போடுகிற வழக்கம் இல்லை; எங்கள் வீட்டு அடுக்களையில் உப்பு, புளி, மிளகாய் எல்லாம் அந்தக் குழந்தைக்குப் பின்னால்தான் இருந்தன.

இதில் நான் எப்படித் தப்பினேன் என்று கேட்பீர்கள். எங்கள் கொல்லையிலேயே ஒரு முருங்கை மரம் நின்றது. நைனா டேனரிக்குப் போனதும் அம்மா ஒரு கொத்து ஒடித்துச் சின்னச் சட்டியில் கீரை வதக்கிக் களியோடு சாப்பிடுவாள். எனக்கும் ஒரு உருண்டை கிடைக்கும். தங்கை வந்து அம்மாவின் முழங்காலைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். ஒரு நாள் மனசு கேட்காமல் அம்மா அவளுக்கும் கொடுத்தாள். அன்றைக்குப் பார்த்து நைனா பகலில் வீட்டுக்கு வந்துவிட்டார். தங்கையின் வாயோரத்தில் பச்சையாக ஒட்டியிருந்ததை அவர் கண் தவறவிடுமா? தோள் துண்டால் அதைத் துடைத்தார். பிள்ளையை ஒரு வார்த்தை சொல்லவில்லை. நேரே அடுக்களைக்குப் போய்ச் சட்டியை எடுத்துக் கொல்லையில் போட்டு உடைத்தார்.

"எம் பொண்ணை ரிஜெக்டு ஆக்கப் பாக்கறியா நீ?" என்று அம்மாவைக் கேட்டார்.

அதற்குப் பிறகு அம்மா தங்கைக்குக் கீரை கொடுக்கவில்லை. பயம். அந்தப் பயத்தை இன்று நினைத்தால் எனக்குக் கோபம் கோபமாக வருகிறது, ஆனால் யார்மேல் என்று தெரியவில்லை.

தங்கைக்கு வெள்ளைச் சோறு பிடிக்கவில்லை. முதலில் தின்றாள், பிறகு அலுத்துவிட்டது. காலையில் டப்பாப் பால், நடுவில் சர்க்கரை, அழுதால் பேடா என்று வயிறு நிரம்பியிருக்கும். சோற்று நேரத்தில் பசி எங்கிருந்து வரும்? வெள்ளிக்கிழமை ஜும்மா தொழுகைக்காக டேனரிக்கு லீவு. அன்றைக்கு நைனா தானே ஊட்டுவார். வாரம் முழுக்க அதற்காகத்தான் காத்திருப்பார். தழும்பேறின விரலால் சோற்றை மெத்தென்று பிசைந்து, மோர் விட்டு, சின்னச் சின்ன உருண்டையாக உருட்டித் தட்டின் ஓரமாக அடுக்குவார். "ஆ காட்டு கண்ணு, நைனா உருண்டை பாரு" என்பார். தங்கை ஒன்றை வாங்கிக் கன்னத்தில் அடக்கிக்கொள்வாள். விழுங்க மாட்டாள். அடுத்த உருண்டை மறு கன்னத்துக்குப் போகும். கொஞ்ச நேரத்தில் கொஞ்சல் போய் அதட்டல் வரும். பிறகு மூக்கைப் பிடிப்பார். மூச்சுக்காக அவள் வாய் திறக்கும்போது உள்ளே தள்ளுவார். விசிறிக் காம்பு பக்கத்திலேயே இருக்கும். அவள் எல்லாவற்றையும் கக்கிவிடுவாள். நைனா தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். ஊரில் யாருக்கும் கிடைக்காத சோற்றைத் தன் பிள்ளை கக்குகிறாளே என்று அவருக்கு நிஜமாகவே அழுகை வரும். கண்பட்டுவிட்டது என்று அம்மா மிளகாய் சுற்றிப் போட்டாள். பிடிவாதம் என்று அக்கம்பக்கத்தார் சொன்னார்கள்.

மாசி பிறந்து வெயில் ஏறத் தொடங்கிய நாட்களில் நான் ஒன்றைக் கவனித்தேன். பொழுது சாய்கிற நேரம் நாங்கள் தெருவில் ஆடிக்கொண்டிருப்போம். மற்றப் பிள்ளைகள் ஓடுவார்கள். தங்கை அப்படியே நின்றுவிடுவாள். "அக்கா, எங்க இருக்கற?" என்பாள். நான் எதிரே நின்றுகொண்டிருப்பேன். வீட்டுக்குள் வரும்போது சுவரைத் தடவிக்கொண்டு வருவாள். நான் அம்மாவிடம் சொன்னேன். "இருட்டுன்னா அதுக்குப் பயம். சின்னப் புள்ளை அப்பிடித்தான்" என்றாள் அம்மா.

ஒரு வெள்ளிக்கிழமை விளக்கு வைக்கிற நேரம். விளக்கு இன்னும் ஏற்றவில்லை. நைனா தட்டை அவள் முன்னால் வைத்து, "இன்னைக்கு நீயே எடுத்துத் துன்னு பாக்கலாம்" என்றார். வெள்ளைத் தட்டில் வெள்ளைச் சோறு. பக்கத்தில் தம்ளரில் டப்பாப் பால். தங்கை கையை நீட்டினாள். கை தட்டுக்குப் போகாமல் தம்ளரில் பட்டு, பால் சோற்றிலும் தரையிலும் கொட்டியது. கையை இழுக்கிற அவசரத்தில் தட்டும் கவிழ்ந்தது.

"கண்ணு தெரியலயா உனுக்கு?"

"தெரியல நைனா" என்றாள் அவள், மெதுவாக.

"எதிர்த்துப் பேசறியா?" விசிறிக் காம்பு அவள் முதுகில் இறங்கியது. அவள் ஓடக்கூட இல்லை. எந்தப் பக்கம் ஓடுவது என்று தெரியாமல் இரண்டு கையையும் தலைமேல் வைத்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்திருந்தாள்.

அவள் உண்மையைத்தான் சொன்னாள். பதில் கிடைத்தும் அது எங்கள் யாருக்கும் காதில் ஏறவில்லை. இத்தனை வருஷம் கழித்தும் அந்த ஒரு சொல் எனக்குத் தூக்கத்தைக் கெடுக்கிறது.

பங்குனியில் அவளுக்குப் பேதி கண்டது. அது நின்ற பிறகு கண்ணைத் திறக்கவே மாட்டேன் என்றாள். வெளிச்சம் கூசுகிறது என்று அம்மாவின் முந்தானைக்குள் முகத்தைப் புதைத்துக்கொள்வாள். நைனா ஒரு நாள் காலையில் அவளைத் தூக்கிக்கொண்டு ஜன்னலருகே போனார். மோவாயைப் பிடித்து வெளிச்சத்துக்குத் திருப்பி, கட்டைவிரலால் இமையை மெல்லத் தூக்கினார். தோலில் ஊசிமுனைக் குத்தையும் கண்டுபிடிக்கிற கண் அவருடையது. பிள்ளையின் இடது கண்மணியில் வெள்ளையாகப் பூ விழுந்திருந்ததை முதலில் பார்த்தவர் அவர்தான். இமையை விட்டுவிட்டு, சட்டையை எடுத்து மாட்டினார். அம்மாவுக்குப் புரிந்துவிட்டது.

ரயிலேறிக் காட்பாடியில் இறங்கி, ஜட்கா பிடித்து வேலூருக்குப் போனோம். தங்கை அழுதால் சமாளிக்க என்னையும் கூட்டிப்போனார்கள். அங்கே ஒரு டாக்டரம்மா இரண்டு கண்ணையும் நெடுநேரம் பார்த்தார்.

"குழந்தை என்ன சாப்பிடுது?"

நைனா கைகட்டி நின்றபடி சொன்னார்: "எல்லாம் பஸ்ட்டு கிளாஸ்தாங்க. மிஷின் அரிசி, தோல் எடுத்த பருப்பு, முட்டையில வெள்ளை, டப்பாப் பாலு. கம்மி ஒண்ணும் இல்லீங்க."

"கீரை? ஈரல்? முட்டையில மஞ்சள்?"

"அதெல்லாம் எங்க வீட்ல குடுக்கறது இல்லீங்க."

டாக்டரம்மா அம்மா பக்கம் திரும்பினார். "பொழுது சாஞ்சா தடுமாறுதா?"

அம்மா அழ ஆரம்பித்துவிட்டாள். "தட்டு தெரியலன்னு அதுவே சொல்லிச்சும்மா. நாங்கதான்..."

இடது கண் இனி வராது என்றார் டாக்டரம்மா. வலது கண்ணிலும் தொடங்கியிருக்கிறது, ஆனால் காப்பாற்றலாம். மீன் எண்ணெய் கொடுத்தார். கீரை கொடுங்கள், ஈரல் கொடுங்கள், மஞ்சள் கருவைக் கொடுங்கள், விடாமல் கொடுங்கள், இல்லாவிட்டால் அதுவும் போய்விடும் என்றார். திரும்பி வருகிற ரயிலில் நைனா தங்கையை மடியில் வைத்துக்கொண்டு ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே வந்தார். ஆம்பூர் வந்தது அவருக்குத் தெரியவில்லை. அம்மாதான் தோளைத் தொட்டு எழுப்பினாள்.

எண்ணெயை அம்மா எப்படியோ உள்ளே அனுப்பினாள், பாதி வெளியே வந்துவிடும். உணவுதான் சிக்கல். அன்று சாயங்காலமே நைனா தன் கையால் கொல்லை முருங்கையை ஒடித்துவந்து கொடுத்தார். அம்மா பருப்புப் போட்டு மசித்தாள். நைனா தட்டோடு தங்கையின் முன்னால் உட்கார்ந்து ஒரு உருண்டை எடுத்தார். "ஆ காட்டு கண்ணு" என்றார்.

அந்தக் குரல் கேட்டதும் தங்கை உதட்டை மடித்துக் கடித்துக்கொண்டாள். இரண்டு கையும் தலைமேல் போய்விட்டது.

நைனா உருண்டையைத் தட்டில் வைத்தார். எழுந்து வெளியே போய்விட்டார். ஆற்றங்கரைப் பக்கம் உட்கார்ந்திருந்தார் என்று பிறகு யாரோ சொன்னார்கள்.

மறுநாள் சோற்று வேளைக்கு வந்தவர் வழக்கமான இடத்தில் உட்காரவில்லை. எங்களுக்கு முதுகைக் காட்டி, சுவரைப் பார்த்து உட்கார்ந்தார். சட்டையைக் கழற்றி வைத்திருந்தார்.

"எனக்குக் களி போடு. கீரையும் ஊத்து" என்றார் அம்மாவிடம். "அதுகிட்ட யாரும் துன்னுன்னு சொல்ல வேணாம். தட்டுல வையி. துன்னா துன்னட்டும், இல்லன்னா எடுத்துடு. நான் இருக்கறதா நெனச்சுக்க வேணாம்."

அம்மா எனக்கும் தங்கைக்கும் ஒரே தட்டில் போட்டாள். அது பழைய பித்தளைத் தட்டு. எனாமல் தட்டு அதற்குப் பிறகு என் கண்ணில் படவில்லை. சர்க்கரை, பேடா, டப்பாப் பால் எதுவும் வீட்டுக்கு வரவில்லை. தங்கை முதல் நாள் களியைத் தொடவில்லை. இன்னொரு நாள் விரலால் கீரையைத் தொட்டு முகர்ந்து பார்த்துவிட்டுப் பாவாடையில் துடைத்துக்கொண்டாள். அப்புறம் ஒரு நாள் நாக்கில் வைத்துத் துப்பினாள். அம்மாவுக்குத் தொண்டைவரை வார்த்தை வந்து நிற்பது எனக்குத் தெரியும். சுவரைப் பார்த்திருக்கிற அந்த முதுகை ஒரு பார்வை பார்ப்பாள், வார்த்தையை விழுங்கிவிடுவாள். ஒவ்வொரு நாளும் ஒரு கண் கையைவிட்டுப் போய்க்கொண்டிருக்கிறது என்று தெரிந்தும், வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பது எவ்வளவு கஷ்டம் என்று எனக்கு நானே பிள்ளை பெற்ற பிறகுதான் விளங்கியது.

பசி மெல்லத் திரும்பிவந்தது. ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் நான் களியைக் கிள்ளிக் குழம்பில் தோய்த்துக்கொண்டிருந்தேன்.

"அக்கா, நீ துன்றது இன்னாது?"

"களி. கீரைக் கொழம்பு."

"எனுக்கு?"

"உம் பக்கமும் இருக்குது பாரு."

தொட்டுப் பார்த்து எடுத்தாள். வாயில் போட்டாள். மென்றாள். கன்னத்தில் அடக்கவில்லை, விழுங்கினாள். நைனா தன் தட்டில் கையை வைத்தபடி அப்படியே இருந்தார். அவள் இரண்டாவது தடவை கையை நீட்டி எடுத்து மெல்லுகிற சத்தம் கேட்ட பிறகுதான் அவர் கை மறுபடி அசைந்தது. திரும்பவில்லை.

பிறகு ஈரல் வந்தது. அதை எனக்கு வைத்தால் தனக்கும் கேட்டாள். முட்டையில் மஞ்சளை மட்டும் தோண்டித் தின்றுவிட்டு வெள்ளையை என் பக்கம் தள்ளுவாள். ஒருநாள் தின்றதை மறுநாள் வேண்டாம் என்பாள், அம்மாவும் சரி என்று எடுத்துவிடுவாள். நைனா தினமும் சுவரைப் பார்த்துத்தான் சாப்பிட்டார். வெள்ளிக்கிழமையும் அப்படித்தான். கொல்லை முருங்கையில் கைக்கெட்டும் கிளையெல்லாம் மொட்டையாகிவிட்டது. வலது கண் என்ன ஆகிறது என்று எங்களுக்குத் தெரியவில்லை. வெயிலில் நன்றாகத்தான் பார்த்தாள். இருட்டின பிறகு அவளைச் சோதித்துப் பார்க்க யாருக்கும் துணிச்சல் வரவில்லை. கேட்டு, அவள் மறுபடியும் தெரியலை என்று சொல்லிவிட்டால்?

சித்திரை கழிந்து ஒரு சாயங்காலம். மேகம் போட்டிருந்ததால் சீக்கிரமே இருட்டிக்கொண்டு வந்தது. விளக்குத் திரியைச் சரிசெய்ய அம்மா உள்ளே போயிருந்தாள். அடுக்களையில் மங்கல்தான், எனக்கே தட்டு லேசாகத்தான் தெரிந்தது. நாங்கள் தின்றுகொண்டிருந்தோம், நைனா தன் இடத்தில் சுவரைப் பார்த்திருந்தார். தங்கை மென்றுகொண்டே சொன்னாள்:

"நைனா, உன் முதுகுல எறும்பு போவுது."

நைனாவின் கை வாய்க்குப் பாதி வழியில் நின்றது. நான் குனிந்து உற்றுப் பார்த்தேன். ஒரே ஒரு கட்டெறும்பு, முதுகின் நடுவில் மேலே ஏறிக்கொண்டிருந்தது.

அம்மா விளக்கோடு வருகிற காலடி கேட்டது. "வெளக்கை எடுத்துனு வராதே, அங்கியே நில்லு" என்றார் நைனா. அவர் குரல் எனக்கு அடையாளம் தெரியவில்லை.

"இப்ப எங்க போவுது கண்ணு?"

"மேல போவுது."

"இப்ப?"

"தோள்கிட்ட. கடிக்கும் நைனா, தட்டி வுடு."

"இருக்கட்டும். நீ பாத்துச் சொல்லு. இப்ப எங்க இருக்குது?"

"நின்னுடுச்சு" என்றாள் தங்கை. பிறகு கொஞ்சம் யோசித்து, "நைனா, நீ ஏன் ஆடற? நீ ஆடறதால அது நடக்க மாட்டேங்குது" என்றாள்.